தலைவரின் முகத்தில் ஓட்டை

முதலில் மரவள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் என் கோபம் எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியாது.

கோத்தா திங்கிப் பக்கம் எங்கள் தாமான். அந்தக் குடியிருப்பில் கடைசி வரிசையில் எங்கள் வீடு. பின்கதவைத் திறந்தால் சிமெண்டுத் தரை, அடுத்து லோங்காங், அந்த வாய்க்காலைத் தாண்ட ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அரசாங்க ரிசர்வ் நிலம். யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் சொந்தம். யார் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறதோ அவர்கள் அதில் ஏதாவது நட்டுக்கொள்வார்கள். நான் ஓரத்தில் நெருக்கமாக மரவள்ளி நட்டிருந்தேன். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் என் காய்கறிப் பாத்தி.

மரவள்ளிக்கு அந்தப் பக்கம் முன்பு செம்பனைத் தோட்டம் இருந்தது. மறுநடவு என்று போன வருடம் பழைய மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டார்கள். இப்போது அங்கே முழங்கால் உயரக் கன்றுகள்தான். பொங்கல் கழிந்து சீனப் பெருநாள் வரைக்கும் அடிக்கிற காய்ந்த காற்று அங்கிருந்து நேராக எங்கள் பின்கதவுக்கு வரும். நடுவில் இருந்தது என் மரவள்ளி ஒன்றுதான்.

அதைத்தான் வெட்டினார்கள்.

அதற்குள் என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாரி ஓட்டியவர். மூவாரிலிருந்து மேசை, நாற்காலி, கட்டில் ஏற்றிக்கொண்டு வடக்கே பினாங்கு வரைக்கும் போவார். போன வருடம் நடுவில் ஒருநாள் காலையில் காப்பிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கை, வலது கால், அப்புறம் பேச்சு. கால் கொஞ்சம் திரும்பியது, தடி வைத்துப் பத்தடி நடப்பார். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வரும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு லாரியைத் திருப்பி நிறுத்திவிடலாம். கைதான் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். தினமும் அமுக்க வேண்டுமாம். இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் அதைத் தரையில் உருட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பந்து… உருட்ட… நான்… பூனையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது வாய்விட்டு இப்படி ஒன்று சொன்னால், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். செனாயில் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்து வந்தது. மீன்காரர் சொன்னது, பஸ்ஸில் யாரோ போனில் சண்டை போட்டது, எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. பூனையையும் எழுதி அதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொடவில்லை. நானும் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். வலது கையை மடியில் வைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். கையை அப்படி மூடி வைக்கிறவரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்பது எவ்வளவு கஷ்டம் என்று தின்றவர்களுக்குத்தான் தெரியும்.

விதை வந்தது தற்செயலாகத்தான். காய்ந்த மிளகாயை உடைத்து விதை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு விதை அவர் துண்டின்மேல் விழுந்தது. அதை எடுக்கத் துண்டுக்கு அடியிலிருந்து அந்தக் கை வெளியே வந்தது. கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரலும் சேர்ந்து, நழுவி, மறுபடி சேர்ந்து அந்த விதையை எடுத்தன. எடுத்ததை என்ன செய்வது என்பது போல என்னைப் பார்த்தார். நாற்றுத்தட்டில் மண் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் பயிற்சி. ஒரு குழிக்கு ஒரு விதை. முதல் நாள் காலை முழுக்க உட்கார்ந்து நான்கு விதை போட்டார். அப்புறம் பத்து, அப்புறம் ஒரு தட்டு. மிளகாயும் கத்தரியும். முளை வந்தபோது தட்டுக்கு மேல் குனிந்து, "வந்துட்டான்" என்றார், நடுவில் நிற்காமல். துண்டு துணிக்கொடிக்குப் போய்விட்டது.

நாற்றைப் பாத்தியில் நான்தான் நட்டேன். அவர் பின்கதவுப் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோணலாக நட்டதையெல்லாம் தடியால் காட்டித் திட்டினார். திட்டு வாங்குவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால் வெளிச்சம் அப்படியே முகத்தில் அடித்தது. மரவள்ளி ஒன்றுகூட இல்லை. புல் வெட்டுகிற ஆளை வைத்து அடியோடு வெட்டி, ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். தாமானில் பொங்கல் விழாவுக்குக் கூடாரம் போடப் போகிறார்களாம்.

எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அங்கேதான் நின்று கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"தம்பி, யாரக் கேட்டு வெட்டினீங்க?"

"அக்கா, ரிசர்வ் நிலம் லா. ஒங்க பேர்லயா இருக்கு?"

"பேர்ல இல்ல. வேர்ல இருந்துச்சு. கிழங்கு யார் கையால வச்சது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"நல்ல காரியத்துக்குத்தானே அக்கா. தாமானே வந்து பொங்க வைக்கப்போவுது. ஒரு கெழங்குக்குப் போயி…" என்று சிரித்தார். அப்புறம் தடி ஊன்றிப் பின்கதவுப் படியில் நின்ற என் வீட்டுக்காரரைக் கண்டார். கண்டதும் குரலைக் குழைத்து என்னிடம் கேட்டார்: "அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு? சாப்பிடறாரா?"

அண்ணன் ஐந்தடி தூரத்தில் நிற்கிறார். இந்த ஆள் என்னிடம் கேட்கிறார். எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். கிளினிக்கில் மருந்து தருகிற பெண்ணும் என்னிடம் கேட்கிறாள். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களும் அவர் தலைக்கு மேலே என்னிடம் கேட்கிறார்கள். தூங்கறாரா, அழுவறாரா, ஆள் தெரியுதா? கட்டிலின் கால் ஆடுகிறதா என்று கேட்பது போல.

"அவரே இருக்காரே, கேளுங்க" என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். "சாப்பிடறாரு" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் என்மேல் எனக்குக் கோபம்.

பொங்கல் அன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூடாரம் வரவில்லை. திடல் பக்கம் போட்டுவிட்டார்கள். மரவள்ளி நின்ற இடத்தில் நான்கு கார் நிறுத்தினார்கள். அதில் ஒன்று தலைவருடையது.

பொங்கல் போய் நான்காம் நாள் காற்று பிடித்தது. விட்டு விட்டு அடிக்கிற காற்று இல்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் ஒரே தள்ளு. நாற்று எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இலை ஓரம் சுட்டது போலக் கருகியது. தண்டு மண்ணை ஒட்டி ஆடி ஆடி, வேரைச் சுற்றி ஒரு குழி விழுந்தது. தண்ணீர் போத்தலின் அடியை வெட்டி ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். பாதி போத்தல் பறந்து போய் லோங்காங்கில் மிதந்தது. அவர் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அது அவருடைய கை போட்ட விதை. நூற்றுக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொன்றும் அந்த மூன்று விரல் நடுங்கி நடுங்கிப் போட்டது. இது போனால் அந்தத் துண்டு கொடியிலிருந்து திரும்பி வந்துவிடும். எனக்கு அந்தப் பயம்தான்.

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். "வெட்டினது நீங்க. எனக்கு ஒரு மறைப்புக்கு வழி பண்ணுங்க" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பெரிய சுருட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தாங்க அக்கா. பொங்கலுக்கு மாட்டின பேனர். கெட்டித் துணி, மழைக்கும் அசையாது, காத்துக்கும் அசையாது. வச்சிக்குங்க, திருப்பித் தர வேணாம்."

பிரித்தால் தலைவரின் முகம். என் இரண்டு கை விரித்தாலும் அடங்காத முகம். கீழே கூப்பிய கை, பக்கத்தில் ஒரு சின்னப் பொங்கல் பானை. பானையைவிட மோதிரம் பெரிது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நாற்று அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது, நான் முகத்தைப் பார்க்கவா போனேன்? "சரி தம்பி" என்று வாங்கி வந்தேன்.

பக்கத்து வீட்டு மாக்சிக் உதவிக்கு வந்தார். மலாய்க்கார அம்மா, என்னோடு தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவர். தமிழ் புரியும், பேச்சில் ஒரு விடாத குறும்பு. பேனரைப் பிரித்ததும், "அலமாக்! இவ்ளோ பெரிய மூஞ்சி, காத்து பயந்து ஓடிரும்" என்றார். இருவரும் சிரித்துக்கொண்டே நான்கு பிளாஸ்டிக் குழாயை நட்டு, ராஃபியா கயிற்றால் மேலும் கீழும் இழுத்து, மேளத்தோல் மாதிரி விறைப்பாகக் கட்டினோம். தட்டினால் சத்தம் வந்தது.

படியிலிருந்து அவர் தடியால் தரையைத் தட்டினார்.

"கத்திரி… கொண்டா."

"எதுக்கு?"

"ஓட்ட… போடு. துணி… காத்த…"

"புதுத் துணியில யாராச்சும் ஓட்ட போடுவாங்களா? சும்மா இருங்க. கட்டி முடிச்சிட்டு வரேன்."

"கேளு… காத்து…"

மாக்சிக் கயிறை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. ஏதோ சொல்றாரு."

ஏதோ சொல்றாரு. இதைச் சொன்னது நான். தலைவர் இல்லை, மருந்துக்காரி இல்லை. மீன்காரர் சொன்னதையெல்லாம் எழுதி வைக்கிற நான், இருபது வருடத்துக்கு மேல் லாரிக்குக் கேன்வாஸ் கட்டிய மனிதர் காற்றைப் பற்றிச் சொல்ல வந்ததை, அந்த வார்த்தைகளுக்கு நடுவே காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஏதோ என்று ஒதுக்கினேன்.

மறுநாள் மதியம் காற்று வலுத்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் கத்துவது கேட்டது. "வரேன், வரேன்" என்றேன். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, சோப்பை அலசிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். மறுபடி கத்தினார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தபோது, அவர் நாற்காலியை விட்டு எழுந்து, லோங்காங் பலகை வரைக்கும் போய், தடி கீழே விழுந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

துணிக்குப் பின்னால் காற்றே வராது என்று நினைத்திருந்தேன். துணியில் முட்டிய காற்று மேலே ஏறி, இந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்து, பாத்திக்குள்ளேயே சுழன்றது. சும்மா சாய்ந்திருந்த நாற்று இப்போது மாவு பிசைகிற மாதிரி நாலா பக்கமும் முறுக்கப்பட்டது. தலைவரின் கன்னம் உப்பிக்கொண்டே வந்தது. நான் பலகையில் கால் வைக்கும்போது நான்கு குழாயும் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டன. பேனர் பாத்தியின்மேல் அடித்து, குழாயோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுத்துக்கொண்டு போய் லோங்காங்கில் விழுந்தது. பாத்தியில் நிற்பதாக ஒன்றும் இல்லை. தண்டு ஒடிந்தது, வேரோடு வந்தது, மண்ணுக்குள் அழுந்தியது. சிலதில் உச்சியில் இரண்டு இலை மட்டும் பச்சையாகக் கிடந்தது.

அவர் "அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். கொடியில் கிடந்த துண்டை அவரே இழுத்து, வலது கையின்மேல் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் அந்தத் துண்டு அசையவில்லை. நான் வீடு முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். தலைவரைத் திட்டினேன், சங்கத்தைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன். சட்டிப் பானை எல்லாம் என்னோடு சேர்ந்து திட்டின. மூன்றாம் நாள் மாக்சிக் வந்து கைப்பேசியைக் காட்டினார். தாமான் குழுவில் யாரோ படம் போட்டிருந்தார்கள்: கூப்பிய கையோடு தலைவர் லோங்காங்கில் மல்லாந்து கிடக்கிறார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய் அந்தச் சனியனை வெளியே இழுத்து, சிமெண்டுத் தரையில் விரித்து, சேறு போகக் குழாய்த் தண்ணீரைப் பீச்சினேன். மடித்துத் தலைவர் வாசலிலேயே வீசிவிட்டு வருவது என்று முடிவு. பீச்சிக்கொண்டே இருக்கும்போது, படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கத்தினேன். அன்பாகக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படிக் கேட்கவில்லை.

"நீங்க சொன்னத நான் கேக்கல. தப்புதான். இப்ப கேக்கறேன். சொல்லித் தொலைங்க, எங்க வெட்டணும்?"

குழாயை மூடினேன். காத்திருந்தேன். நல்ல நேரம் எடுத்தது.

"அர… வட்டம். முழுசா… வெட்டாத. கீழ… தொங்கணும். காத்து… பாதி… போவட்டும். பாதி… நிக்கட்டும்."

லாரி மேல் கேன்வாஸ் கட்டினால் அது காற்றைப் பிடித்து லாரியையே இழுக்குமாம். ரோட்டோரம் கட்டுகிற பேனருக்கும் அதனால்தான் அப்படி வெட்டு விடுகிறார்களாம். எத்தனை வருடமாக ரோட்டில் பார்த்திருக்கிறேன், கிழிந்துபோன துணி என்றே நினைத்திருக்கிறேன்.

கத்தரிக்கோலை எடுத்து வந்து அவர் இடது கையில் கொடுத்தேன். பழக்க தோஷம். அவர் அதை மடியில் வைத்து, துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, வலது கை விரலை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழைத்தார். நான் துணியைத் தூக்கிப் பிடித்தேன். முதல் அரைவட்டம் வெட்டி முடிக்கக் குக்கர் இரண்டு தடவை விசில் அடித்தது. கோணல் மாணலாக, எலி கடித்த மாதிரி இருந்தது. இரண்டாவதும் அவர் வெட்டினார். அதற்குமேல் கை கேட்கவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டக் காட்ட மீதியை நான் வெட்டினேன். சாண் போட்டு அளந்து வரிசையாகக் காட்டினார். வரிசை எங்கே விழுந்ததோ அங்கே வெட்டினோம். ஒன்று நெற்றியில், ஒன்று மூக்கில், இரண்டு மோதிர விரல்களில். எனக்கு வாயையும் வெட்ட ஆசை. அவர் தலையை ஆட்டிவிட்டார். அளவில் வாய் வரவில்லை.

அன்றே சாயங்காலம் கட்டினோம். இந்த முறை இழுத்துக் கட்டவில்லை. அவர் சொன்னபடி கொஞ்சம் தொய்வு விட்டு, குழாய்க்குப் பதிலாக வெட்டிப் போட்ட மரவள்ளித் தண்டிலேயே தடிமனானதை ஆழமாக ஊன்றி, பாத்தியிலிருந்து இரண்டடி தள்ளி. நாற்றுத்தட்டில் முதலில் நடாமல் விட்ட சவலைச் செடிகள் பதினொன்று மூலையில் கிடந்தன. அவற்றை நட்டேன். மறுநாள் பத்து மணிக்குக் காற்று வந்தது. தலைவரின் நெற்றி படபடவென்று திறந்து மூடியது, மூக்கு திறந்து மூடியது. பின்னால் செடிகள் லேசாகத் தலையாட்டின. சாயவில்லை.

இரண்டாம் நாள் தலைவர் வந்தார். லோங்காங் படம் பார்த்த சூடு ஆறவில்லை, அதற்குள் இது.

"அக்கா! என்னக்கா இது? கொடுத்த பொருளுக்கு இதுதான் மரியாதையா? என் மூஞ்சியில ஓட்ட போட்டு வச்சிருக்கீங்க, தாமானே பாத்து சிரிக்குது!"

"நான் போடல தம்பி. போட்டவரு அங்க உக்காந்திருக்காரு. அவரக் கேளுங்க."

தலைவர் படியைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கி, அந்தக் குழைந்த குரல் வந்தது. எனக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணனுக்கு… சொன்னா புரியுமா?" என்றார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மரவள்ளி வெட்டினபோது ஏறாதது, நாற்று போனபோதுகூட ஏறாதது. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். "கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

வேறு வழியில்லை. தலைவர் படிக்குப் போய், செவிடரிடம் பேசுவது போலக் கத்தினார்: "அண்ணே! பேனருல! ஏன் ஓட்ட?"

"காது… நல்லா… கேக்குது."

வேலிக்கு அந்தப் பக்கம் மாக்சிக் களுக்கென்று சிரித்தார். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

"காத்து… போவணும்" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம் நீண்ட இடைவெளி. தலைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். "மரவள்ளி… இருந்தா… பேனர்… வேணாம்." இன்னோர் இடைவெளி. "வெட்டினது… நீ. நீதான்… நடணும்."

அதில் ஒரு "நீங்க" இல்லை. தலைவருக்கு அது குத்தியிருக்கும். ஓரமாகக் கிடந்த தண்டுகளைப் பார்த்தார். சில கணுக்களில் துளிர்கூட வந்திருந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைசியில் படிக்குக் கீழே குந்தினார். குரல் சாதாரணமாக இருந்தது. முதல் தடவையாக ஒரு ஆளிடம் ஒரு ஆள் பேசுகிற குரல்.

"எத்தன அடி தள்ளி நடணும்ணே?"

என் வீட்டுக்காரர் வலது கையை மடியிலிருந்து தூக்கினார். சுட்டுவிரல் நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து நடுவிரல். மூன்றாவது விரல் வரும், எனக்குத் தெரியும். ஆனால் அது நிமிர நேரமாகும். தலைவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டாக்கா?" என்றார்.

மூன்று என்று என் வாய்க்குள் வந்துவிட்டது. வாளியைச் சாய்த்து அடுத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காத்திருக்கட்டும்.